மாமனாரின் வழக்கிலிருந்து விலகும் முறை

இல்லக்கா, அது தப்பு. ரொம்பப் பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. படிச்சவங்களே நினைக்கிறாங்க, அதுதான் எனக்கு வருத்தம். ஒரு வக்கீலுக்கு ஒரு வழக்கு பிடிக்கலைன்னா கேஸ் கட்டை மேசைமேல வெச்சுட்டு, ஒரு கும்பிடு போட்டுட்டு, வெளிய வந்துடலாம்னு. இந்த நம்பிக்கையால மனுஷகுலத்துக்கு எவ்வளவு கேடுன்னு இன்னும் யாரும் ஆராய்ச்சி பண்ணலை. உள்ள போறதுதான் சுலபம். வக்காலத்துன்னு ஒரு தாள், கட்சிக்காரர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து, அஞ்சு நிமிஷ வேலை. வெளிய வர்றதுக்கு எனக்கு எட்டு மாசம் ஆச்சு. நேத்துதான் வந்தேன்.

ஆமா. நேத்து மத்தியானம் பன்னிரண்டே காலுல இருந்து நான் உங்களுக்கு எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். இந்தக் கருப்பு கவுன் ரெண்டாவது விஷயம், கக்கத்துல பிரிஞ்சிருக்கு பாருங்க. அவசரமில்லை. குண்டூசியை வாயில வெச்சுக்கிட்டுத் தலையாட்டாதீங்கக்கா, பார்க்கற எனக்குத் தொண்டை அடைக்குது. நீங்க தைங்க, நான் பேசறேன். நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயமில்லை. சொல்லாம இருந்தா இன்னும் நல்லது.

வழக்கு என்னன்னு உங்களுக்கே நான் சொல்றது வேடிக்கைதான். ஆறு வருஷமா நீங்கதான் பிரதிவாதி. ஆனா முதல்ல இருந்து வரிசையா சொன்னாத்தான் எனக்கு வாய் வரும், தொழில் வியாதி, பொறுத்துக்குங்க. என் மாமனார் வீட்டுக்கும் உங்க தையல் கடைக்கும் நடுவுல ஒரு சந்து. அகலம் நாலடி ரெண்டங்குலம். உங்க கடைக்கு இருக்கற ஒரே கதவு அந்தச் சந்துலதான் திறக்குது. முன்பக்கம் செருப்புக்கடை, பின்பக்கம் வேற ஒருத்தர் சுவரு. கதவை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தா, வாடிக்கைக்காரங்க கூரையைப் பிரிச்சு இறங்கித்தான் உங்ககிட்ட அளவு குடுக்கணும். மாமனார் தரப்பு என்னன்னா, சந்து முழுக்க அவரோடது, அங்க கதவே இருந்ததில்லை, எட்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க சுவரை இடிச்சுப் புதுசா வெச்சீங்க, அதுவரைக்கும் செருப்புக்கடை வழியாத்தான் போயிட்டு வந்துக்கிட்டிருந்தீங்க. உங்க தரப்பு, கடை கட்டின நாள்ல இருந்து கதவு அங்கதான் இருக்கு. கதவு பழசா, புதுசா. வழக்கே அவ்வளவுதான். இதுக்கு நானூத்திப் பன்னிரண்டு பக்கம் ஆயிருக்கு. கதவு புதுசுங்கற அந்த நாலாவது பத்தி என் கையால எழுதினது.

வழக்கு எதனால ஆரம்பிச்சதுன்னு ஊர் ஒண்ணு சொல்லுது. நீங்க டேப்பைச் சுத்திப் பிடிச்சு, நாப்பத்தி ரெண்டுன்னு சத்தமா சொன்னீங்களாம். போன தடவை முப்பத்தெட்டாம். கடையில நாலு பேர் இருந்தாங்களாம். அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்துச்சாம். இதை நான் சொல்லலை. கட்சிக்காரரோட இடுப்புச் சுற்றளவு எந்த ஆவணத்துலயும் இல்லை. ஆனா ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. இந்த ஆறு வருஷமும் அவரோட சட்டை உங்ககிட்டதான் வருது, காலர் திருப்ப, பித்தான் வைக்க. நான்தான் கொண்டுவர்றேன். பேன்ட் வர்றதில்லை.

ஏன் சிரிக்கிறீங்க, ஊசி.

சரி, விலகறது. முதல் வேலை, கட்சிக்காரருக்கு எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். ஐயா, உங்க வழக்கைத் தொடர்ந்து நடத்த முடியாத நிலையில இருக்கேன், வேற வக்கீலை ஏற்பாடு பண்ணிக்குங்கன்னு. வாயால சொன்னா செல்லாது. வாயால நான் சொல்லியாச்சு, சாப்பிடும்போது. மாமா, இந்தக் கேஸை விட்டு நான் விலகலாம்னு இருக்கேன்னேன். அந்தத் தண்ணிச் செம்பை இப்படி நகர்த்துங்க மாப்பிள்ளைன்னார். இதை நீதிமன்றம் பதிலா எடுத்துக்காது.

அதனால பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோட. எங்க இருந்து எங்கன்னு கேக்கறீங்களா? கீழ்த்தளத்துல இருந்து மேல்தளத்துக்கு. இந்த இடத்துல ஒரு விளக்கம் சொல்லிடறேன், நான் வீட்டோட மாப்பிள்ளை இல்லை. மாமனார் வீட்டுக் கீழ்த்தளத்துல ஏழு வருஷமா குடியிருக்கற மாப்பிள்ளை. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, எனக்குத் தெரியும். நடுவுல பதினேழு படி. அந்தப் பதினேழு படியை ஏற அந்தத் தபாலுக்கு நாலு நாள் ஆச்சு. பெரிய தபால் ஆபீஸ் வரைக்கும் போயி, முத்திரை குத்திக்கிட்டு, அதே வாசலுக்குத் திரும்பி வந்துச்சு. தபால்காரர் மணி அடிச்சார். மாமனார் மாடியில இருந்து எட்டிப் பார்த்து, கீழ மாப்பிள்ளை இருப்பார் குடுங்கன்னார். எப்பவும் அப்படித்தான். அந்த வீட்டுக்கு வர்ற எல்லாத் தபாலுக்கும் நான்தான் கையெழுத்து. அவரோட பென்ஷன் காகிதம், சதுரங்கப் பத்திரிகை, மாமியாரோட கண்ணாடி. எனக்கு ஒரு காதுல போன். மறுகையில பேனா. போட்டுட்டேன். உறையை மேல கொண்டுபோய் அவர் மேசையில வெச்சுட்டும் வந்துட்டேன். என்ன உறைன்னு பார்க்கவே இல்லை.

அட்டை திரும்பி வந்துச்சு. அதுல என் கையெழுத்து இருந்தது எனக்கு வித்தியாசமாவே தெரியலைக்கா. என் மேசையில இருக்கற எல்லாத் தாள்லயும் என் கையெழுத்துதானே இருக்கு. மனுவோட இணைச்சு, ரொம்ப மிடுக்கா தாக்கல் பண்ணினேன். நீதிபதி அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் கண்ணாடியைக் கழட்டினாங்க. கண்ணாடியைக் கழட்டினாங்கன்னா நமக்குக் கெட்ட நேரம். அனுப்பினது யாருன்னாங்க. நான்தாங்கம்மான்னேன். வாங்கினது யாருன்னாங்க. அப்பத்தான் பார்த்தேன். வக்கீல் விலகப்போற விஷயம் வக்கீலுக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டிருக்கு, கட்சிக்காரருக்கும் தெரிவிச்சுட்டு வாங்கன்னு மனுவைத் திருப்பிட்டாங்க. கோர்ட்ல எல்லாரும் குனிஞ்சு அவங்கவங்க கட்டைப் புரட்டினாங்க. பெஞ்சு கிளார்க் மட்டும் மூணு நாள் என்னைப் பார்க்கறப்பெல்லாம், சார், உங்களுக்குத் தகவல் கிடைச்சுதான்னு கேட்டார்.

ரெண்டாவது தடவை நேரா கையில குடுத்தேன். மேல ஏறிப் போய், மாமா, இது நோட்டீஸ், வாங்கிக்கிட்டு ஒரு கையெழுத்து போடுங்கன்னேன். வெச்சுட்டுப் போங்க மாப்பிள்ளைன்னார். நான் கையெழுத்து கேட்டா அவர் போட மாட்டார்னு எனக்குத் தெரியும். என் மாமனார் முப்பத்தோரு வருஷம் தலைமையாசிரியர். யார் நீட்டின தாளும் அவருக்கு விடைத்தாள்தான். மறுநாள் காலையில நோட்டீஸ் என் கதவுக்கு அடியில கிடந்துச்சு. சிவப்பு மசி. முதல் வாக்கியம் நீளம்னு ஓரத்துல. ரெண்டாவது பத்தியில, கருத்து திரும்ப வருகிறது. காரணம்ங்கற இடத்துல கீழ ரெண்டு கோடு, பக்கத்துல, தெளிவில்லை. பத்துக்கு நாலரை. அந்த அரை எதுக்கு மாமான்னு கேட்டேன், ஓரம் விட்டு எழுதினதுக்குன்னார்.

எனக்குக் கோபம் வந்துச்சா, இல்லை. ஏன் வரலைன்னா, மார்க்குக்குக் கீழ, திருத்தி மீண்டும் கொண்டுவரவும்னு எழுதி, சுருக்கொப்பம் போட்டு, தேதியும் போட்டிருந்தார். முப்பத்தோரு வருஷப் பழக்கம், கை தானா போட்டிருக்கு. ஒப்பம், தேதி. படிச்சார்ங்கறதுக்கு இதைவிட நல்ல ஆதாரத்தை எந்தத் தபால் ஆபீஸும் தர முடியாது. அப்படியே தாக்கல் பண்ணினேன். நீதிபதி அம்மா படிச்சாங்க, நோட்டீஸ் சேர்ந்ததா பதிவு பண்ணிக்கச் சொன்னாங்க. பதிவுல வராத மாதிரி மெதுவா, நானா இருந்தா நாலுதான் போட்டிருப்பேன்னாங்க.

டீயா? வேண்டாம்க்கா, இருங்க. சரி, போடுங்க. எதிர்த்தரப்பு வக்கீலா இருந்தவரைக்கும் உங்ககிட்ட டீ வாங்கிக் குடிக்கறது முறையில்லைன்னு மறுத்துக்கிட்டே இருந்தேன். இப்ப மறுக்கறதுக்குச் சட்டத்துல இடமில்லை.

நோட்டீஸோட முடிஞ்சுதுன்னு நினைச்சீங்களா? நீதிமன்றம் அனுமதிக்கணும். கட்சிக்காரர் போகச் சொன்னாலும் நீதிமன்றம் விடலைன்னா போக முடியாது. காரணம் கேப்பாங்க. இதுலதான் வேடிக்கை இருக்கு. காரணம் சொல்லலைன்னா விட மாட்டாங்க. சொன்னா, நம்ம வாயாலயே கட்சிக்காரருக்குக் குழி வெட்டினதாயிடும், அது அதைவிடப் பெரிய தப்பு. அதனால எங்க தொழில்ல பெரியவங்க ரொம்ப யோசிச்சு ஒரு வார்த்தை கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. தொழில்முறைக் காரணங்கள். அதுக்கு மேல ஒரு எழுத்து கூடாது.

என்ன காரணம்னாங்க நீதிபதி அம்மா. தொழில்முறைக் காரணங்கள்மான்னேன். அதுதான் என்னன்னாங்க. சொல்ல முடியாத தொழில்முறைக் காரணங்கள்னேன். பேனாவைக் கீழ வெச்சாங்க. சொல்ல முடியாததுன்னா, எனக்கா, யாருக்குமான்னாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பின்னாடி நாற்காலி நகர்ற சத்தம். மாமனார் எழுந்துட்டார். அம்மா, நான் சொல்றேன், இது குடும்ப விஷயம், மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, மேல இருக்கற வெளிச்சமான ரூமை அவருக்கு ஆபீஸ் வைக்கக் குடுக்கலைன்னு மனசுல ஒரு குறை, வேற ஒண்ணுமில்லைன்னார். வழக்கு ஆரம்பிச்ச நாள்ல இருந்து அவ்வளவு பேர் அந்த ஹால்ல இருந்ததில்லை. எனக்கு எங்க ஒளிஞ்சுக்கறதுன்னு தெரியலை.

வக்கீல் விலகறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டான்னு அவரைக் கேட்டாங்க. ஆட்சேபணை எதுவும் இல்லைம்மா, சம்மதமும் இல்லைன்னார். அவர் ஆசிரியர், ரெண்டையும் ஒரே வாக்கியத்துல வெச்சா பொருள் நிக்காதுன்னு அவருக்கு நல்லாவே தெரியும். இருந்தும் சொன்னார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த அம்மா நியாயமானவங்க. கட்சிக்காரர் நடுத்தெருவுல நிக்கக் கூடாது, அதுதான் அவங்க கவலை. வேற வக்கீல் வர்ற வரைக்கும் நானே நடத்தணும்னு சொல்லிட்டாங்க. வேற வக்கீல் வர அஞ்சு மாசம் ஆச்சு. மூணு பேரை மாமனார் நேர்முகத் தேர்வு பண்ணினார். ஒருத்தர் கேள்வியைச் சரியா காதுல வாங்கலையாம். ஒருத்தருக்கு நகம் நீளம். கடைசியில சக்கரம் வெச்ச பெட்டியை இழுத்துக்கிட்டு வருவாரே, பெட்டிக்காரர், அவரை எடுத்தார். பெட்டிக்காரர் ஐயா ஐயான்னு எழுந்து நின்னு பேசினாராம். அந்த அஞ்சு மாசமும் நான் வாய்தாவுக்குப் போய் நின்னேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை உங்களுக்கு எதிரா பேசலை, தேதி மட்டும் வாங்கினேன். அதை நீங்க கவனிச்சீங்களோ என்னவோ.

கவனிச்சீங்களா. ம்.

அப்புறம் கட்டைத் திருப்பிக் குடுக்கணும். ஒவ்வொரு பக்கமா, பட்டியல் போட்டு. கீழ்த்தளத்து அலமாரியில இருக்கற நானூத்திப் பன்னிரண்டு பக்கம் மேல்தளத்து அலமாரிக்குப் போகணும். ஒரு நாளைக்கு இருபது பக்கம்தான் சரிபார்ப்பேன், கண் வலிக்குதுன்னார். மூணு வாரம், தினமும் சாயங்காலம் அஞ்சு மணி. நான் பக்க எண்ணைச் சொல்லணும், அவர் சரிம்பார். வருகைப் பதிவேடு மாதிரி. இருநூத்தி அறுபத்தி மூணாம் பக்கம் காணோம். வீடே புரண்டுச்சு. மாமியாரோட மருந்து அலமாரியில அடித்தட்டுல விரிச்சிருந்தாங்க, மேல இருமல் மருந்து சிந்தியிருந்துச்சு. என்ன பக்கம்னு பார்த்தா, உங்க குறுக்கு விசாரணை. அந்தப் பக்கத்தை ஈரத்துணியால துடைச்சு, வெயில்ல காயவெச்சு, மறுபடி படிச்சுப் பார்த்தேன். கதவு வைக்க எத்தனை நாள் ஆச்சுன்னு நான் கேக்கறேன். கதவு அங்கயேதாங்க இருந்துச்சுன்னு நீங்க சொல்றீங்க. பொய் சொல்றீங்கன்னு நான் சொல்றேன். இல்லைங்கன்னு நீங்க சொல்றீங்க. ஒரு பக்கம் முழுக்க இதேதான். பழுப்பா ஒரு வட்டம், நடுவுல நீங்க, இல்லைங்க, இல்லைங்கன்னு.

நேத்து உத்தரவு வந்துச்சு. ஒரே வரி. மனு அனுமதிக்கப்பட்டது. எட்டு மாசத்துக்கு ஒரு வரி. வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்தேன். உடம்பு லேசா இருந்துச்சு, அது வேற விஷயம்.

இல்லையில்லை. அந்த ஆசையே வேண்டாம். உங்க பக்கம் நான் ஆஜராக முடியாது, எந்தக் காலத்துலயும். ஒரு தரப்புக்கு வக்கீலா இருந்துட்டு அதே வழக்குல மறுதரப்புக்கு நின்னா, கோட்டைக் கழட்டி வாங்கிடுவாங்க, நியாயமும் அதுதான். மாமனார் என்கிட்ட வக்கீல்னு நம்பிச் சொன்னது ஒவ்வொண்ணும் என்னோடயே எரியும். நீங்க காலைப் பிடிச்சாலும் வராது. அதனாலதான் உங்களைப் பேச வேண்டாம்னேன்.

உங்க வக்கீல் போன வாரம் காரிடார்ல புலம்பிக்கிட்டிருந்தார், காதுல விழுந்துச்சு. கதவு பழசுதான்னு சொல்ல ஒரு ஆள் கிடைக்கலையாம். கதவு வெச்ச கொத்தனார் காலமாயிட்டார். செருப்புக்கடைக்காரர் வந்து அஞ்சு வருஷம்தான் ஆகுது. பழைய வாடிக்கைக்காரங்க யாரும் கோர்ட் வாசல்படி மிதிக்க மாட்டேங்கறாங்க. வர்ற திங்கட்கிழமைக்குள்ள ஒரு பேரைக் குடுக்கலைன்னா உங்க தரப்பு விசாரணை முடிஞ்சுடும். அப்புறம் வாதம், அப்புறம் தீர்ப்பு, அப்புறம் இந்தக் கதவுல செங்கல். நாலாவது பத்தி அவ்வளவு சுத்தமா எழுதியிருக்கு, நானே எழுதினதால சொல்றேன். நீங்க இதை விட்டுட்டு எங்க போய்த் தைப்பீங்க? ம். எனக்குத் தெரியும்க்கா. வாடகைக்கு இடம் பார்த்ததும் தெரியும்.

ஏன் விலகினேன்னு நீங்க மட்டும்தான் இன்னும் கேக்கலை. நீதிபதி அம்மா கேட்டாங்க, மாமனார் கேட்டார், கிளார்க் கூடக் கேட்டார்.

எட்டு மாசத்துக்கு முன்னாடி என் மனைவி எங்க கல்யாண ஃபோட்டோவைப் புதுசா பிரிண்ட் போடக் குடுத்தா. இருபத்திரண்டு வருஷம், நிறம் போயிடுச்சு. ஸ்டூடியோக்காரர் எனக்குப் போன் பண்ணினார். சார், மாப்பிள்ளை நெத்தியில வலது பக்கம் என்னமோ துணி ஒட்டியிருக்கு, அசிங்கமா தெரியுது, கம்ப்யூட்டர்ல அழிச்சிடட்டுமான்னார். என்ன துணின்னேன். சந்தன நிறத்துல, கோட்டோட உள்துணி மாதிரி இருக்கு சார்னார். எதையும் அழிக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனை வெச்சேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். நான் வெளியூர்ல இருந்து வந்து இறங்கியிருக்கேன். கோட்டு தோள்ல பிடிக்குது. பக்கத்துலயே ஒரு டைலர் இருக்காங்க வாங்க மாப்பிள்ளைன்னு மாமனாரே கூட்டிக்கிட்டு வந்தார். சந்து வழியா. முன்னாடி அவர் போனார், அவருக்குப் பழக்கம், குனிஞ்சு போயிட்டார். நான் நிமிர்ந்து போனேன். மாப்பிள்ளைன்னா நிமிர்ந்து நடக்கணும்னு யாரோ சொல்லியிருந்தாங்க. இதே கதவு நிலைதான், முட்டிக்கிட்டேன். நெத்தியில இந்த இடம். ரத்தம் கோட்டு மேல சொட்டிடப் போகுதுன்னு நீங்க பதறி, உள்துணியில ஒரு துண்டு கத்தரிச்சு, நாலா மடிச்சு, ஒட்டி விட்டீங்க.

ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

இருக்கா. நான்தான்னும் தெரியுமா?

அப்ப ஏன்க்கா கூண்டுல சொல்லலை? நாப்பது நிமிஷம் கேட்டேனே. ம். நான் கேக்கலை, வாஸ்தவம். கொத்தனார் யாருன்னு கேட்டேன், மரம் எங்க வாங்கினீங்கன்னு கேட்டேன், நான் இதுல முட்டிக்கிட்டேனான்னு கேக்கலை. பொய் சொல்றீங்கன்னு ஒன்பது தடவை சொல்லியிருக்கேன், பதிவுல இருக்கு, எண்ணிட்டேன். எப்படி மறந்தேன்னு கேக்கறீங்க. முட்டினது மறக்கலை. எதுல முட்டினேன்னுதான் மறந்துபோச்சு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி குடிவந்தப்ப, அந்தக் கதவு போன வருஷம்தான் வெச்சதுன்னு சொன்னாங்க, நான் எழுதிக்கிட்டேன். என் மனைவிகிட்டயும் கேட்டேன், உனக்காவது தெரியும்தானேன்னு. அவளும் இதேதான் சொன்னா, நீங்க கேக்கவே இல்லையேன்னு. அப்பா கட்சிக்காரர், புருஷன் வக்கீல், நடுவுல நான் எந்தப் பக்கம் திரும்பிச் சொல்றதுன்னா.

அன்னிக்கே மேல போய் மாமனார்கிட்ட பேசினேன். என்ன பேசினோம்ங்கறது வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவுல நடந்தது, சொல்ல முடியாது. ரெண்டு பேர் டீயும் ஆறிப்போச்சுங்கறதை மட்டும் சொல்லலாம்.

இப்பக் கவனமா கேளுங்க. வக்காலத்து போட்ட பிறகு அவர் சொல்லி எனக்குத் தெரிஞ்சது ரகசியம். வக்காலத்துக்குப் பதினாறு வருஷம் முன்னாடி, என் நெத்தியால எனக்குத் தெரிஞ்சது ரகசியமில்லை. இதுக்கு மூணு புத்தகம் பார்த்தேன். ரெண்டு ஆமாங்குது. மூணாவது ரொம்பத் தடி, அதுல பாதிதான் புரிஞ்சுது, அந்தப் பாதியும் ஆமாங்குது. ஒரே வழக்குல ஒரு ஆள் வக்கீலாவும் சாட்சியாவும் இருக்க முடியாது. அதனால விலகினேன். நானா வந்து கூண்டுல ஏறினா துரோகம்பாங்க, ஏறவும் விட மாட்டாங்க. நீங்க என் பேரைப் பட்டியல்ல குடுத்து, நீதிமன்றம் சம்மன் அனுப்பினா, வராம இருக்கறதுதான் குற்றம். திங்கட்கிழமை பதினோரு மணிக்குள்ள உங்க வக்கீல் குடுத்தாப் போதும். பழைய ஃபோட்டோவும் புதுசும் ரெண்டும் என்கிட்ட இருக்கு. அதுல மாமனார் பக்கத்துலயே நிக்கறார், என் தோள்மேல கை போட்டுக்கிட்டு.

அழாதீங்கக்கா, துணி நனையும்.

வீட்டுக்குத் தெரியும். நேத்து சாயங்காலம் எல்லாரையும் கீழ உக்காரவெச்சுச் சொல்லிட்டேன். இனிமே நான் வக்கீல் இல்லை, கேட்டா நடந்ததைச் சொல்லுவேன்னு. மாமனார் எழுந்து மேல போனார். நடுப்படியில ஒரு தடவை நின்னார், திரும்பலை, மறுபடி ஏறினார். என் மனைவி அவரோட செருப்பை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே போனா.

இன்னிக்குக் காலையில மாமியார் கீழ வந்து டீ போட்டாங்க. நான் ஹால்லதான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். உள்ள இருந்த என் மனைவிகிட்ட, சாட்சிக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு கேட்டாங்க.